அகதிகளுக்காகக் கையேந்திய வணிகர்

லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் ரயிலில் ஏறி புக்கிட் பாஞ்சாங் திசையில் சென்றால், நியூட்டன், ஸ்டீவன்ஸ், பூமலை ஆகிய நிலையங்களுக்கு அடுத்ததாக வருவது டான் கா கீ நிலையம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் திறக்கப்பட்ட அந்நிலையத்திற்கு அருகிலேயே ஹுவா சோங் கல்வி நிலையம் இருக்கிறது. அதன் முன்னோடியான சீன உயர்நிலைப் பள்ளி 1919இல் தொடங்கப்பட முதன்மையான காரணமாக இருந்தவர் டான் கா கீ. அதனால்தான் நிலையத்திற்கு அவருடைய பெயர் அமைந்தது.

பள்ளிகளை நிறுவிய வள்ளல் என்றே இன்று பலரும் அவரை அறிந்திருக்கிறார்கள். அவருடைய வாழ்வில் இன்னொரு பணியும் உண்டு. சீனாவில் போர் மூண்டு கோடிக்கணக்கான மக்கள் வீடிழந்து ஓடிய காலத்தில், அவர்களுக்காகச் சிங்கப்பூரிலிருந்தும் தென்கிழக்காசியா முழுவதிலிருந்தும் நிதி திரட்டும் இயக்கத்தை அவர் நடத்தினார். அப்பணியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 62. அப்போது அவர் பெருஞ்செல்வராகவும் இல்லை.

டான் கா கீ 1874ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தென்சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலுள்ள ஜிமெய் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். ஊராரில் பலர் மீன்பிடித்துப் பிழைத்தனர். பலர் கடல் கடந்து நன்யாங் எனப்படும் தென்கிழக்காசியாவுக்குப் பிழைக்க வந்தனர். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நாகப்பட்டினம் வழியாகக் கப்பலேறி வந்தவர்களின் கதையைப் போன்றதுதான் அவர்கள் கதையும். டானின் தந்தை சிங்கப்பூரில் அரிசி வணிகம் செய்து வந்தார். 1890இல், பதினாறு வயது நிரம்பும் முன்பே, டான் அந்தக் கடையில் வேலை கற்க வந்து சேர்ந்தார்.

1900களின் தொடக்கத்தில் தந்தையின் வணிகம் நொடித்துப் போனது. தந்தையின் கடனை மகன் அடைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் டான் அந்தக் கடன்களைத் தாமே ஏற்றுக்கொண்டார். அன்னாசிப்பழத்தைத் தகரக் கலங்களில் அடைத்து ஏற்றுமதி செய்யும் தொழிலைத் தொடங்கி, சில ஆண்டுகளில் கடன்காரர்களைத் தேடிச் சென்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இந்தச் செயல் வணிகர்கள் நடுவே அவருக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது. பணம் கொடுத்தால் அது போக வேண்டிய இடத்திற்குப் போய்ச் சேரும் என்று மக்கள் பின்னாளில் அவரை நம்பியதற்கு இந்தப் பழைய கடன் கணக்கும் ஒரு காரணம் எனலாம்.

1906இல் அவர் ரப்பர் விதைகளை வாங்கி அன்னாசிச் செடிகளுக்கு இடையே நட்டார். மோட்டார் வாகனங்கள் பெருகிய காலம் அது. சயர்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது, விலை ஏறியது. தோட்டங்களோடு நிற்காமல் ரப்பர் ஆலைகளையும் அவர் நிறுவினார். டயர், ரப்பர் காலணி, பிஸ்கட், சவர்க்காரம் என்று அவருடைய ஆலைகளில் உற்பத்தியான பொருள்கள் பல. ஆயிரக்கணக்கானோர் அவரிடம் வேலை செய்தனர். ஈட்டிய பணம் பெரும்பாலும் கல்விக்கே சென்றது. பிறந்த ஊரான ஜிமெய்யில் வரிசையாகப் பள்ளிகள், 1921இல் சியாமென் பல்கலைக்கழகம், சிங்கப்பூரில் பல பள்ளிகள் என அந்தப் பட்டியல் நீளும்.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. டானின் நிறுவனம் வங்கிக் கடனில் மூழ்கி, 1934இல் மூடப்பட்டது. பல்கலைக்கழகத்திற்குத் தரும் பணத்தை நிறுத்தினால் நிறுவனத்தைக் காப்பாற்றலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. இயன்றவரை நடத்திவிட்டு, 1937இல் பல்கலைக்கழகத்தைச் சீன அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்.

அதே 1937ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி பெய்ஜிங்கிற்கு அருகில் ஜப்பானியப் படைக்கும் சீனப் படைக்கும் மோதல் ஏற்பட்டது. அது முழுப் போராக மாறியது. ஆகஸ்டு மாதம் ஷாங்ஹாய் நகரில் கடும் சண்டை. டிசம்பரில் தலைநகர் நான்ஜிங் வீழ்ந்தது. அங்கு நடந்த படுகொலைகள் உலகை உலுக்கின. மக்கள் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஓடினர். தள்ளுவண்டிகளிலும் படகுகளிலும் ரயில் கூரைகளிலும் கால்நடையாகவும் சென்றனர். 1938 ஜூன் மாதம் ஜப்பானியர் முன்னேறுவதைத் தடுக்க சீனப் படையே மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்தது. வெள்ளம் பாய்ந்து, காப்பாற்றப்பட வேண்டிய மக்களில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். பல லட்சம் பேர் வீடிழந்தனர். எட்டு ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்தவர்களின் எண்ணிக்கை எட்டுக் கோடி முதல் பத்துக் கோடி வரை இருக்கலாம் என வரலாற்றாசிரியர்கள் சிலர் மதிப்பிடுகின்றனர். சோறு, துணி, மருந்து, கூரை, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் காப்பகம் என அவர்களுக்கு எல்லாமே தேவைப்பட்டன.

ஷாங்ஹாய்ச் சண்டை தொடங்கி இரண்டு நாள் கழித்து, 1937 ஆகஸ்டு 15ஆம் தேதி, சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் உள்ள சீன வர்த்தகச் சங்கக் கட்டடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சீன அமைப்புகளின் கூட்டம் நடந்தது. சிங்கப்பூர் சீன நிவாரண நிதிக் குழு அன்று பிறந்தது. டான் கா கீ தலைவரானார். இது அவருக்குப் புதிய வேலையன்று. 1928இல் சீனாவின் ஜினான் நகரில் ஜப்பானியப் படை தாக்கியபோது, பாதிக்கப்பட்டோருக்காக அவர் தலைமையில் திரட்டப்பட்ட தொகை பத்து லட்சம் யுவானுக்கும் மேல்.

சிங்கப்பூர் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பிரிட்டன் ஜப்பானோடு போரில் இல்லை. தன் குடியேற்ற நாட்டிலிருந்து ஒரு தரப்புக்குப் போர் நிதி போவதை அது விரும்பவில்லை. ஆகவே நிதி திரட்ட இசைந்த அரசாங்கம் நிபந்தனைகளையும் விதித்தது. பணம் அகதிகளுக்கும் காயமுற்றவர்களுக்கும் மட்டுமே போக வேண்டும். ஆயுதம் வாங்கப் போகக்கூடாது. யாரையும் வற்புறுத்தி வாங்கக்கூடாது. ஜப்பானுக்கு எதிரான கிளர்ச்சியை வளர்க்கக்கூடாது.

வற்புறுத்தல் கூடாது என்ற நிபந்தனை வெறும் சம்பிரதாயமன்று. ஜப்பானியப் பொருள்களை விற்ற கடைகளின்மீது இரவில் தார் பூசப்பட்டது. வணிகர்கள் சிலர் தாக்கப்பட்டனர். காது அறுக்கப்பட்டவர்களும் உண்டு. கோபத்தில் இருந்த கூட்டம் ஒருபுறம், எப்போது வேண்டுமானாலும் குழுவைத் தடை செய்யக்கூடிய காவல்துறை மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே டான் நிவாரணப் பணியைக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. குழுவைத் தடை செய்தால் அகதிகளுக்குப் போகும் பணம் நின்றுவிடும். எனவே அரசாங்கத்தின் நிபந்தனைகளை மீறாமல் நடந்துகொள்வதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

இன்னொரு தடை சமூகத்தின் உள்ளேயே இருந்தது. சிங்கப்பூர்ச் சீனர்கள் அப்போது ஒரே குழுவாக இல்லை. ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று கிளைமொழிவாரியாகப் பிரிந்திருந்தனர். ஒரு கிளைமொழியினர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. தொழில், கோயில், பள்ளி, இடுகாடு எல்லாம் தனித்தனி. நிதிக் குழுவில் ஒவ்வொரு கிளைமொழியினருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அவரவர் வட்டாரத்தில் அவரவர் மொழியில் வசூல் செய்ய, தீவெங்கும் கிளைகள் தோன்றின.

வசூல் முறையில் டானின் வணிக அனுபவம் தெரிந்தது. உணர்ச்சி பொங்கும் நேரத்தில் ஒருவர் பெருந்தொகை தரலாம். அடுத்த மாதம் மறந்துவிடலாம். அகதிகளுக்கோ ஒவ்வொரு நாளும் பசிக்கும். ஆகவே ஒருமுறை தரும் நன்கொடையைவிட, மாதந்தோறும் தரும் சிறு தொகையையே அவர் முதன்மையாக வலியுறுத்தினார். கடை முதலாளியும் சிப்பந்தியும், ஆசிரியரும் துறைமுகத் தொழிலாளியும் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தனர். ரிக்‌ஷா இழுத்தவர்களும் தெருவோர வியாபாரிகளும் தங்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தனர். மாணவர்கள் காகிதப் பூக்களை விற்றனர்.

நிதி திரட்டக் கலையும் கைகொடுத்தது. 1938இன் இறுதியில் சீனாவிலிருந்து வந்த வூஹான் பாடகர் குழு சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஊர் ஊராகப் பாடியும் நாடகம் போட்டும் நிதி சேர்த்தது. ஓவியர் சூ பெய்ஹொங் 1939இல் இங்கு வந்து, விக்டோரியா நினைவு மண்டபத்தில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, விற்று வந்த பணத்தை நிவாரணத்திற்குக் கொடுத்தார். ஜாலான் புசார் வட்டாரத்தில், இன்று சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி இருக்கும் இடத்தில், அக்காலத்தில் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா இருந்தது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். எல்லா இனத்தவரும் மாலை வேளைகளில் கூடிய அத்தகைய பூங்காக்களிலும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் நடைபெற்றன.

சீன மக்களின் துன்பம் சீனர்களை மட்டும் அசைக்கவில்லை. 1938இல் இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழுவைச் சீனாவுக்கு அனுப்பி வைத்தது. அவர்களில் ஒருவரான டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ், காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை செய்தபடியே 1942இல் அங்கு நோயுற்று இறந்தார்.

சிங்கப்பூரில் மட்டும் நிதி திரட்டினால் போதாது என்பது விரைவில் தெளிவாயிற்று. மலாயா, டச்சு இந்தியத் தீவுகள், பிலிப்பீன்ஸ், பர்மா, சயாம் முதலிய இடங்களின் சீனர்கள் தனித்தனியே பணம் அனுப்பி வந்தனர். 1938 அக்டோபர் 10ஆம் தேதி அவ்விடங்களின் பேராளர்கள் புக்கிட் தீமாவில் உள்ள சீன உயர்நிலைப் பள்ளியில் ஒன்றுகூடினர். தென்கிழக்காசியச் சீனர்களின் நிவாரணக் கூட்டமைப்பு உருவானது. டானே அதற்கும் தலைவர். புக்கிட் பாசோ சாலையில் உள்ள ஈ ஹோ ஹியன் மன்றம் தலைமையகமாயிற்று. செல்வந்தர்கள் மாலையில் பொழுதுபோக்கக் கூடிய மன்றம் அது. இப்போது அங்கே கணக்கேடுகளும் கடிதங்களும் குவிந்தன.

கூட்டமைப்பு தோன்றி இரண்டு வாரத்திற்குள் தென்சீனாவின் பெருந்துறைமுகமான குவாங்சோ வீழ்ந்தது. கடல் வழியாகச் சீனாவுக்கு உணவும் மருந்தும் அனுப்பும் முக்கிய வாயில் அடைபட்டது. எஞ்சிய பெரிய வழிகளில் ஒன்று பர்மா சாலை. ரங்கூன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு, ரயிலில் லாஷியோ வரை செல்லும். அங்கிருந்து சீனாவின் குன்மிங் நகருக்கு ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் மலைப்பாதை. சுமார் இரண்டு லட்சம் பேர் பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே வெட்டிய சாலை அது. லாரிகள் இருந்தன, அவற்றை அந்தப் பாதையில் ஓட்டத் தெரிந்தவர்கள் போதவில்லை.

சீன அரசாங்கம் டானிடம் ஓட்டுநர்களைக் கேட்டது. 1939 பிப்ரவரி முதல் கூட்டமைப்பு விளம்பரம் செய்து ஆள் சேர்த்தது. சில மாதங்களில் ஏறத்தாழ 3,200 ஓட்டுநர்களும் பழுதுபார்ப்பவர்களும் சிங்கப்பூர், மலாயா மற்றும் பிற இடங்களிலிருந்து புறப்பட்டனர். ஆணுடை அணிந்து தன்னை ஆண் என்றே சொல்லிச் சேர்ந்த பெண் ஒருவரும் அவர்களில் இருந்தார்; விபத்தில் காயமுற்றபோதுதான் உண்மை தெரிய வந்தது. செங்குத்தான வளைவு, மண்சரிவு, மலைக் குளிர், பள்ளத்தாக்கில் மலேரியா, வானிலிருந்து குண்டுவீச்சு ஆகியவை சாலையில் அவர்களுக்குக் காத்திருந்தன. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை.

அந்த லாரிகள் மருந்தை மட்டும் சுமக்கவில்லை. ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் சுமந்தன. நிதி வசூலில் காக்கப்பட்ட எல்லைக்கோடு மலைச்சாலையில் மங்கிப் போனது. அகதிகளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் தாய்நாடு தோற்கக்கூடாது என்ற எண்ணமும் டானின் மனத்தில் ஒன்றாகவே இருந்தன. அதை மறைத்துச் சொல்வது அவருடைய வரலாற்றுக்கு நியாயமாகாது. இன்றைய நிவாரண அமைப்புகள் போரிடும் தரப்புகளிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று வகுத்துக்கொண்ட விதிகளை வைத்துப் பார்த்தால், அவர் நடுநிலையாளர் அல்லர்.

1940 மார்ச்சில் டான் தாமே சீனாவுக்குச் சென்றார். திரட்டிய பணம் போய்ச் சேரும் நாட்டின் நிலைமையைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் எண்ணம். போர்க்காலத் தலைநகர் சொங்சிங்கில் அவருடைய குழுவை வரவேற்க 80,000 யுவான் ஒதுக்கப்பட்டிருந்தது. அதை அறிந்ததும் விருந்துகள் வேண்டாம் என்று செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, எளிய தங்குமிடத்தைத் தேடிக்கொண்டார். சிங்கப்பூரின் ரிக்‌ஷாக்காரர்கள் கொடுத்த காசு எத்தனை வியர்வைக்கு ஈடு என்பது அவருக்குத் தெரியும். பல மாநிலங்களைச் சுற்றினார்; கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யான்ஆனுக்கும் போனார். அங்கு கண்ட எளிமையை அவர் வெளிப்படையாகப் பாராட்டியது, தேசியவாத அரசாங்கத்தின் ஆதரவாளர்களுக்குப் பிடிக்கவில்லை. கூட்டமைப்பின் தலைமையிலிருந்து அவரை நீக்க முயற்சி நடந்தது. 1941இல் பேராளர்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனர்.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் தேதி விடியும் முன்னே சிங்கப்பூரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. தொலைவிலிருந்த போர் வாசலுக்கு வந்தது. ஜப்பானியப் படை மலாயாவின் வடக்கிலிருந்து இறங்கி வர, மக்கள் தெற்கு நோக்கித் தப்பி வந்தனர். சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ இரு மடங்காகிப் பத்து லட்சத்தைத் தொட்டது. அதுவரை அகதிகளுக்குப் பணம் அனுப்பிய தீவு இப்போது அகதிகளால் நிரம்பியது.

ஆளுநர் கேட்டுக்கொண்டதால், டிசம்பர் இறுதியில் அமைக்கப்பட்ட சீனர் அணிதிரட்டல் மன்றத்திற்கும் டான் தலைமை ஏற்றார். தற்காப்புப் பணிகளுக்குத் தொழிலாளர்களைச் சேர்ப்பதிலும் ஒழுங்கைக் காப்பதிலும் அது உதவியது. ஒன்றில் மட்டும் அவர் மாறுபட்டார். பயிற்சியற்ற பொதுமக்களின் கையில் துப்பாக்கி கொடுப்பதை அவர் ஏற்கவில்லை. போரின் முடிவை அது மாற்றாது. தோற்ற பிறகு எல்லாச் சீனர்களும் பழிவாங்கப்படுவார்கள் என்று அவர் அஞ்சினார். அவர் பேச்சு எடுபடவில்லை. தொண்டூழியப் படை அமைக்கப்பட்டது. அவர்கள் துணிவோடு போரிட்டனர்.

1942 பிப்ரவரி 3ஆம் தேதி டான் ஒரு சிறு படகில் சுமத்ராவுக்குத் தப்பினார். ஜப்பானியர் தேடியவர்களில் அவர் முக்கியமானவர். பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

மூன்றே நாளில் சூக் சிங் எனப்படும் களையெடுப்புத் தொடங்கியது. பதினெட்டு முதல் ஐம்பது வயது வரையிலான சீன ஆடவர்கள் சில இடங்களில் ஒன்றுதிரட்டப்பட்டு விசாரிக்கப்பட்டனர். ஜாலான் புசார் அவ்விடங்களில் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்காக மக்கள் கூடிய வட்டாரத்திலேயே, வெயிலில் உணவின்றி நாள்கணக்கில் அவர்கள் காத்துக் கிடந்தனர். சீன நிவாரண நிதியில் ஈடுபட்டிருந்தவர்கள் குறிவைத்துத் தேடப்பட்டனர். முகமூடி அணிந்த ஒற்றர்கள் தலையசைத்தால் போதும். லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டு சென்று சுட்டனர். கொல்லப்பட்டோர் சுமார் 5,000 என்றது ஜப்பானியத் தரப்பு. 25,000 முதல் 50,000 வரை இருக்கும் என்பது மற்றவர்களின் மதிப்பீடு. எஞ்சியோரும் தப்பவில்லை. சீனாவுக்கு உதவிய குற்றத்திற்கு ஈடாக, சிங்கப்பூர், மலாயாச் சீனர்கள் ஐந்து கோடி வெள்ளி கட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது.

துன்பம் ஓர் இனத்தோடு நிற்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். மிகப் பலர் காட்டிலேயே மடிந்தனர். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக இந்தியாவை நோக்கி நடந்தனர். சீனாவின் சாலைகளில் ஐந்தாண்டுகளுக்கு முன்பு தொடங்கிய ஓட்டம் ஆசியா முழுவதும் பரவியிருந்தது.

சுமத்ராவிலிருந்து ஜாவா சென்ற டான், கிழக்கு ஜாவாவின் மாலாங் வட்டாரத்தில் பொய்ப் பெயரில் மறைந்து வாழ்ந்தார். அவருக்கு இடம் கொடுத்தவர்கள் பலர் ஜிமெய் பள்ளிகளிலும் சியாமென் பல்கலைக்கழகத்திலும் படித்தவர்கள். கண்டுபிடிக்கப்பட்டால் அவரோடு அவர்களின் குடும்பங்களும் அழியும். சந்தேகம் எழும்போதெல்லாம் வீடு மாற்றினார்கள். பிடிபட்டால் உயிரை மாய்த்துக்கொள்ள அவர் எப்போதும் நஞ்சை உடன் வைத்திருந்தார். பிடிபட்டவரைச் சித்திரவதை செய்து பெயர்களை வாங்குவது வழக்கம். ஒப்புக்கொடுத்துத் தம் பெயரை ஜப்பானியர் பயன்படுத்துவதும் நடக்கலாம். இரண்டிற்கும் இடம் தரக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். அகதிகளுக்காக ஊர் ஊராகப் பணம் கேட்டவர், மூன்றரை ஆண்டுகள் பிறர் சோற்றில், பிறர் கூரையின் கீழ் அகதியாக வாழ்ந்தார்.

சும்மா இருக்க அவரால் முடியவில்லை. மறைவிடத்தில் தம் நினைவுக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். கணக்கேடு இல்லை, கடிதங்கள் இல்லை, செய்தித்தாள் இல்லை. கூட்டங்கள், தொகைகள், ஆட்கள் எல்லாவற்றையும் நினைவிலிருந்தே எழுதினார். எழுபது வயதை நெருங்கியவர் அவ்வளவையும் நினைவில் வைத்திருந்தது வியப்புக்குரியது. அந்த எழுத்து 1946இல் சிங்கப்பூரில் நூலாக வெளிவந்தது. தென்கிழக்காசியச் சீனர்களின் நிவாரணப் பணியை ஆராய்வோர் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகின்றனர்.

போர் முடிந்து, 1945 அக்டோபரில் டான் சிங்கப்பூர் திரும்பினார். அதன்பின் அவருடைய வாழ்க்கை சீன அரசியலோடு பின்னிப்போயிற்று. 1950இல் சீனாவுக்கே சென்று குடியேறினார். ஜிமெய்யில் பள்ளிகளை மீண்டும் கட்டியெழுப்பினார். 1961 ஆகஸ்டு 12ஆம் தேதி பெய்ஜிங்கில் காலமானார். உடல் ஜிமெய்க்குக் கொண்டு வரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

சிங்கப்பூரில் அவர் இருந்த அந்தக் கடைசி ஆண்டுகளில் முடிக்க வேண்டிய பழைய வேலை ஒன்று மீதமிருந்தது. பர்மா சாலைக்குப் போன ஓட்டுநர்களில் உயிரோடிருந்தவர்கள் சீனாவின் தென்மேற்கு மாநிலங்களில் சிதறிக் கிடந்தனர். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து சாலை துண்டிக்கப்பட்டதும் அவர்களுக்கு வேலை போனது. வீடு திரும்பவும் வழியில்லை. கூலி வேலை செய்தும் தெருவில் விற்றும் பிழைத்தனர். பட்டினியால் இறந்தவர்களும் உண்டு. டானின் கூட்டமைப்பு அவர்களைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியில் இறங்கியது. எஞ்சியவர்களின் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. 1946இல், புறப்பட்டு ஏழு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ ஆயிரம் பேர் தென்கிழக்காசியாவில் இருந்த தங்கள் குடும்பங்களிடம் வந்து சேர்ந்தனர்.